அறுபதுக்கு மேல் ஆர்கன்: காட்பாடியில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாடம் தொடங்கியபோது மாணவருக்கு வயது 62. அரசுப் பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு காட்பாடி காந்தி நகரில். மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. வலது முழங்காலில் லேசான தேய்மானம். 1853-இல் அமெரிக்கச் சீர்திருத்த சபையார் தொடங்கிய ஆற்காடு மிஷன் வழிவந்த ஒரு சபையில், குரல் உடைந்த வயதிலிருந்து பேஸ் என்ற கீழ்க்குரல் பாடுகிறவர். அதே சபையில் இருபது வருடத்துக்கு மேல் கால் ஆர்மோனியமும் வாசித்தவர். எலெக்ட்ரானிக் கீபோர்டு வந்த பிறகு அதை இளைஞர்களிடம் விட்டுவிட்டு, பாடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் கேட்டது ஒன்றுதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் ஆர்கனுக்கு எழுதிய கோரல் முன்னிசை (ஞானப்பாட்டு மெட்டை வைத்து எழுதிய சிறு இசை) ஒன்றை, கையும் காலுமாக, முதலிலிருந்து கடைசிவரை தானே வாசிக்க வேண்டும். கிரேடு தேர்வு வேண்டாம், மேடை வேண்டாம். வீட்டில் வாசித்தால் போதும்.

பெயர் வரக்கூடாது என்று சொல்லி, இதை எழுத அனுமதி தந்தார். இங்கே அவரைச் சார் என்றே குறிப்பிடுகிறேன். வகுப்பிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். என்னைவிட இரண்டு மடங்கு வயதுள்ள அவர், முதல் நாளிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் அழைக்கிறார்.

வயது ஏறியவர் இசை கற்க வந்தால், எங்கள் தொழிலில் இரண்டு வகையாக நடத்துகிறோம். ஒன்று, விரல் இனி மடங்காது என்று நாமே முடிவுகட்டி சினிமாப் பாட்டு நாலு சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இல்லையென்றால் ஏழு வயதுக் குழந்தைக்கு வைத்திருக்கும் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்கிறோம். இரண்டிலுமே எதிரில் இருப்பவர் ஒன்றும் தெரியாமல் வந்திருக்கிறார் என்ற எண்ணம் இருக்கிறது. சாரின் விஷயத்தில் விரல் ஒரு கட்டத்திலும் பெரிய தடையாக இருக்கவில்லை. தடையாக வந்தது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்த விஷயங்கள். கடைசியில் வழி திறந்ததும் அவற்றை வைத்துத்தான். அதை விரிவாகப் பதிவு செய்யவே இந்த ஆய்வு.

வரும்போது அவரிடம் இருந்தவை

முதலாவது, காது. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் பாடும் ‘இரத்தம் காயம் குத்தும்’ அவருக்கு நாற்பது வருடத்துக்கு மேலான பழக்கம். அதன் மெட்டு ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் ஒரு காதல் பாட்டுக்காக அமைத்தது. பிறகு பவுல் கெர்ஹார்ட் 1656-இல் இயேசுவின் பாடுகளைப் பற்றி எழுதிய பாடல் அதில் ஏறியது. தரங்கம்பாடி வழியாக வந்த ஜெர்மன் மிஷன் காலத்தில் ஃபப்ரீசியஸ் போன்ற மிஷனரிகள் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அதே மெட்டில் பாடும்படி தமிழாக்கினார்கள். அந்த மரபில்தான் இந்த மெட்டு நம் சபைப் பாட்டுப் புத்தகமான பாமாலைக்குள் இருக்கிறது. இதே மெட்டை வைத்து பாக் ஆர்கனுக்கு ஒரு சின்ன முன்னிசை எழுதியிருக்கிறார். பாக் படைப்புப் பட்டியலில் அதன் எண் 727. மேல் குரலில் மெட்டு மெல்லிய அலங்காரங்களோடு போகும். கீழே மூன்று குரல்கள் அமைதியாகத் தாங்கி நிற்கும். பெடல் பகுதி, அதாவது காலால் மிதித்து வாசிக்கும் பகுதி, மெதுவானது, பெரிய தாவல்கள் அதிகம் கிடையாது. சார் எதை வாசிக்க ஆசைப்பட்டார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

இரண்டாவது, டானிக் சல்ஃபா. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய இந்த முறை நம் சபைப் பாடகர் குழுக்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. டோ ரே மி என்று எழுத்தில் போட்ட நான்கு குரல் பாட்டை சார் பார்த்த மாத்திரத்தில் பாடுவார். ஐந்து கோட்டு ஸ்டாஃப் நொட்டேஷனில் ட்ரெபிள் மட்டும் தட்டுத் தடுமாறி வாசிப்பார்; பேஸ் கிளெஃப் சுத்தமாகத் தெரியாது. ஆர்கன் இசையோ மூன்று ஸ்டாஃபில் அச்சாகிறது: வலது கை, இடது கை, கால்.

மூன்றாவது, கால் ஆர்மோனியம். இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும்.

என்னிடம் வருவதற்கு முன் சில மாதங்கள் அவர் வீடியோ பாடங்களைப் பார்த்துத் தானே முயன்றிருந்தார். அவற்றில் முதல் பாடம் பெடலில் வெறும் ஸ்வர வரிசை. பாட்டு இல்லை, மெட்டு இல்லை. அது அலுத்துப்போய், தனக்கு வயதாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

கருவி

வீட்டில் ஆர்கன் என்றதும் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் ஆர்கன் வாசிப்பவர்கள் வீட்டில் பழகுவது பாக் காலத்து வழக்கம். அன்று தேவாலய ஆர்கனைத் தொட வேண்டுமென்றால் துருத்தி மிதிக்க ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும். குளிர்காலத்தில் தேவாலயம் உறைந்து கிடக்கும். அதனால் பெடல் வைத்த கிளாவிகார்டு என்ற மெல்லிய ஒலியுள்ள கட்டைக் கருவியில் வீட்டிலேயே பழகினார்கள். ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1913-இல் மருத்துவராக ஆப்பிரிக்காவின் லம்பரேனேக்குப் போனபோது, பாரிஸ் பாக் சங்கம் அவருக்கு வெப்ப நாட்டுக்கென்று செய்த பியானோ ஒன்றை, ஆர்கன் பெடல் பொருத்திக் கொடுத்தது. பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு அதில்தான் அவர் பாக்கைப் பழகினார். மருத்துவமனை ஊரான வேலூரில் இந்தக் கதையைச் சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. சார் அதைக் கேட்ட பிறகுதான் மாடி அறையைத் தயார் செய்ய ஆரம்பித்தார்.

நாங்கள் சேர்த்தது இவ்வளவுதான். 61 கட்டை உள்ள கணினியோடு இணைக்கும் இரண்டு மிடி கீபோர்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக மரச் சட்டத்தில். ஒரு பழைய மேசைக் கணினி, கூடுதல் நினைவகத்தோடு. கிராண்ட்ஆர்க் என்ற இலவச மென்பொருள். இதில் உண்மையான பைப் ஆர்கன் ஒன்றின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாகப் பதிவு செய்த ஒலித்தொகுப்பை ஏற்றிக்கொள்ளலாம். கட்டையை அழுத்தினால் அந்தக் குழாயின் ஒலி வரும், விட்டால் அந்தக் கட்டடத்தின் எதிரொலியோடு அடங்கும். ஒலித்தொகுப்பு முழுதும் நினைவகத்தில் ஏறுவதால் கணினியில் அது குறைவாக இருந்தால் கதை நடக்காது. கட்டை அழுத்துவதற்கும் ஒலி வருவதற்கும் இடையில் உள்ள தாமதத்தைப் பத்து மில்லி விநாடி அளவுக்குள் கொண்டுவந்த பிறகுதான் வாசிப்பதற்கு இயல்பாக இருந்தது.

பெடல் போர்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தோடு சேர்த்துக் கட்டுப்படியாகாது. சாரின் வீட்டுக்குக் கதவு ஜன்னல் செய்த ஆசாரியே இதையும் செய்தார். ஆங்கில, அமெரிக்க வகைப் பெடல் போர்டு நடுவில் குழிந்து, கட்டைகள் விசிறிபோல் விரியும். அதைச் செய்வது கடினம். ஜெர்மன் பழக்கத்தில் தட்டையாக, கட்டைகள் இணையாக ஓடும் 30 கட்டை வகை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தோம். அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளின் நடுக்கோட்டுக்கு இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர். ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு சின்னக் காந்தம், எதிரில் காந்தம் நெருங்கினால் இயங்கும் ஒரு ரீட் சுவிட்ச். பொறியியல் படிக்கும் சாரின் அண்ணன் மகன் அதை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை வழியாகக் கணினியில் இணைத்தான். எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய்க்குள் முடிந்தது.

ஒலிபெருக்கிக்குப் பதிலாக நல்ல ஹெட்ஃபோன். பக்கத்து வீட்டுக்காக மட்டும் அல்ல. பெடலில் பதினாறு அடி ஸ்டாப் (ஸ்டாப் என்பது ஒரே வகைக் குழாய்களின் வரிசை; அடி கூடினால் சுருதி இறங்கும்) போட்டு முதல் கட்டையை மிதித்தால் வரும் சுருதி 32.7 ஹெர்ட்ஸ். கடையில் கிடைக்கும் சின்ன ஒலிபெருக்கியில் அது ஒலிக்காது. கால் வாசிப்பது காதில் விழாவிட்டால் கால் கற்றுக்கொள்ளாது.

வேலூர் வெயிலைப் பற்றி ஒரு வரி: கத்திரியில் மாடி அறையில் பகலில் உட்கார முடியாது. விடிகாலை ஐந்தரைக்கு இருபது நிமிடம், இரவு சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் என்று பிரித்துக்கொண்டோம். அது வெயிலுக்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் முதுகுக்கும் நினைவுக்கும் அதுவே சரியாக அமைந்தது. ஆர்கன் பெஞ்சில் இரண்டு காலும் தரையில் ஊன்றாமல் தொங்குவதால் உடல் பாரம் முழுதும் இடுப்பில் இறங்கும். அறுபதைத் தாண்டியவரை ஒரு மணி நேரம் அப்படி உட்கார வைக்கக்கூடாது.

பாதம்

இரண்டாவது வகுப்பிலேயே ஒரு விஷயம் தெரிந்தது. சாருக்கு எந்தக் கட்டையில் கால் இருக்கிறது என்பது சில சமயம் ஒலி வந்த பிறகுதான் தெரிகிறது. கட்டையின் விளிம்பு பாதத்தில் பட்டும் உணரவில்லை. முன்பே கொஞ்சம் மதமதப்பு உண்டு என்று அப்போதுதான் சொன்னார்.

பாடத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். அங்கே நடந்த சோதனையை சார் வந்து உற்சாகமாக விவரித்தார். மோனோஃபிலமெண்ட் என்ற நைலான் இழையைப் பாதத்தில் பத்து கிராம் அழுத்தத்துக்கு வளைத்து, தெரிகிறதா என்று கேட்டார்கள். அப்புறம் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். 128 ஹெர்ட்ஸ் என்பது பழைய அறிவியல் சுருதிப்படி ஸி ஸ்வரம். எட்டடி ஸ்டாப் போட்டால் அவருடைய பெடல் போர்டின் இரண்டாவது ஸி கிட்டத்தட்ட அதே சுருதிதான், இன்றைய கணக்கில் 130.8. “டாக்டர் கையில இருந்தது நம்ம ஸி, டீச்சர்” என்றார். இடது காலில் அந்த அதிர்வு சீக்கிரம் மறைந்துவிட்டது. ஆரம்ப நிலை நரம்புப் பாதிப்பு. மருத்துவர் சொன்னது: “வாசிங்க சார், தாராளமா வாசிங்க. வெறுங்காலோட மட்டும் வேண்டாம்.”

இது எங்களுக்கு நிஜமான சிக்கல். நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்குள் ஆர்கன் பழகினாலும் வெறுங்காலில்தான் மிதிக்கத் தோன்றும். உணர்வு குறைந்த காலுக்கு அது ஆபத்து. இதை வேலூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1946-இல் இங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களை ஆராய்ந்தவர். வலி தெரியாததால் அழுத்தமும் உராய்வும் கவனிக்கப்படாமல் போவதுதான் புண்ணுக்குக் காரணம் என்று எடுத்துக் காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் எம்.சி.ஆர் (நுண்துளை ரப்பர்) செருப்புக்குப் பின்னால் இருப்பது அந்தப் புரிதல்தான். ஆனால் எம்.சி.ஆர் மெத்தென்று தடிமனானது. அதைப் போட்டு மிதித்தால் இரண்டு கட்டை சேர்ந்து இறங்கும்.

ஆர்கன் வாசிப்பவர்களுக்கென்று தனிக் காலணி உண்டு. அடி மெல்லிய தோல், கட்டையை உணரவும் வழுக்கிப் போகவும். முன்பக்கம் ஒடுங்கியிருக்கும். பக்கவாட்டில் அடித்தோல் துருத்தாது. குதிகால் மூன்று சென்டிமீட்டர் அளவு. அதை வெளியில் போட்டு நடக்க மாட்டார்கள். மண் ஒட்டினால் வழுக்கல் போய்விடும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலும் காலணியுமாக வாழும் வட்டாரத்தில் இருந்துகொண்டு இதை வெளியே தேடுவானேன்? ஆம்பூரில் ஏற்றுமதிக் காலணித் தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது தனியாகத் தைக்கும் ஒருவரிடம் சாரின் பாத அளவு கொடுத்தோம். உள்ளே தையல் மேடு வரக்கூடாது என்பது மருத்துவரின் நிபந்தனை. அடியில் மெல்லிய தோல், உள்ளே மிருதுவான ஒரு படலம், விரல்கள் நெருங்காத முன்பகுதி என்று அவர் இரண்டு முறை திருத்தித் தைத்துக் கொடுத்தார். என் பார்வையில் இந்த நிகழ்வில் செய்த மிக நல்ல வேலை அவருடையது. பழகி முடித்ததும் சாரின் மனைவி வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பார்த்துவிடுவார். வீட்டுக்குள் காலணியா என்று முதலில் தயங்கியவரும் அவர்தான். வாசல்படி தாண்டாத காலணி என்று தெரிந்த பிறகு அதற்கென்று ஒரு துணிப்பை தைத்து வைத்தார்.

காலணி காலைக் காப்பாற்றியது. ஆனால் பாதத்தின் உணர்வைத் திரும்பத் தரவில்லை. அதற்கு வேறு வழி தேவைப்பட்டது. ஆர்கன் கல்வியில் பழைய அறிவுரை ஒன்று உண்டு: ஐந்தாம் இடைவெளிவரை (ஐந்து ஸ்வர தூரம்) முழங்கால்களைச் சேர்த்தே வைத்துக்கொள், தூரத்தைக் கணுக்கால் விரியும் அளவால் அறிந்துகொள். வழக்கமாக இதை நேர்த்திக்காகச் சொல்லுவார்கள். சாருக்கு இதுவே உயிர்நாடி ஆயிற்று. பாதம் மங்கினாலும் முழங்காலும் இடுப்பும் தெளிவாகவே இருந்தன. மூன்றாம் இடைவெளிக்குக் கால்கள் எவ்வளவு விரியும், நான்காம் இடைவெளிக்கு எவ்வளவு என்று கண்ணை மூடி, ஒலி இல்லாமல் வைத்துப் பழகினார். கணித ஆசிரியர் அல்லவா, அவருக்கு அவை கோணங்களாகவே மனதில் பதிந்தன. இரண்டு மாதத்துக்குப் பின் காலைக் குனிந்து பார்க்கும் பழக்கம் போய்விட்டது.

காற்றுக்குப் பயந்த கால்

கால் ஆர்மோனியத்தில் இரண்டு மிதிகளையும் மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் துருத்தி அடங்கும், பாட்டு நிற்கும். சாரின் கால்கள் இருபது வருடத்துக்கு மேல் இதைச் செய்தவை. ஆர்கனில் உட்கார்ந்து கைகள் பாட்டைத் தொடங்கியதும், கால்கள் தாமாகவே தாளத்துக்கு ஏறி இறங்க ஆரம்பித்துவிடும். பெடல் பகுதியில் ஓய்வு வரும் இடங்களிலும் நிற்காது. கீழே என்ன கட்டை இருக்கிறதோ அது ஒலிக்கும். “கால் நின்னா பாட்டு நின்னுடும்னு அதுக்குப் பயம், டீச்சர்” என்பார்.

இந்தப் பழக்கத்தை அழிக்கப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. அதை எங்கே பயன்படுத்தலாம் என்று தேடினேன். விடை பரோக் காலத்து மிதிமுறையில் இருந்தது. அந்தக் காலத்து இசையில் பெரும்பாலான பெடல் வரிகளை விரல்நுனிகளால் வலது, இடது, வலது, இடது என்று மாற்றி மிதித்தே வாசித்துவிடலாம். குதிகால் அதிகம் தேவையில்லை. அதாவது அவர் கால்களுக்குத் தெரிந்த அதே அசைவு. ஆகவே ஓய்வே இல்லாமல் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஸ்வரம் நடந்துபோகும் பேஸ் வரிகளைப் பாமாலையிலிருந்து பொறுக்கி எடுத்தோம். கால்கள் மிதித்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் சரியான கட்டையில். அந்த பேஸ் வரிகளோ அவர் வாழ்நாள் முழுதும் பாடியவை. பாடிக்கொண்டே மிதித்தார். குரல் ஏறும்போது கால் வலப்பக்கம் போக வேண்டும், குரல் இறங்கினால் இடப்பக்கம். வீடியோ பாடத்தில் மாதக்கணக்கில் வராதது சில வாரத்தில் வந்தது.

ஓய்வுகளைப் பிறகு ஒவ்வொன்றாக நுழைத்தோம். முதலில் பாட்டின் வரி முடிவில் மட்டும்; அங்கே பாடகருக்கு எப்படியும் மூச்சு விட வேண்டும். மூச்சு எடுக்கும் இடத்தில் காலும் எழும்பும் என்ற ஒப்பந்தம் அவருக்குச் சுலபமாகப் பிடிபட்டது. ஆர்கனில் கட்டையை எப்போது விடுகிறோம் என்பது எப்போது அழுத்துகிறோம் என்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. அழுத்தமாக அடித்தாலும் ஒலி அதிகமாகாது, பியானோபோல் தானாகத் தேயவும் தேயாது. விடும்வரை அப்படியே நிற்கும். ஒரே ஸ்வரம் இரண்டு முறை வந்தால் நடுவில் சின்ன இடைவெளி விட்டால்தான் இரண்டு என்று கேட்கும். இதையெல்லாம் ஒரு நல்ல பாடகருக்குச் சொற்களின் உச்சரிப்பாகவே விளக்கிவிடலாம்.

இடது கை

உண்மையான போராட்டம் இங்கேதான், இன்னும் முடியவும் இல்லை.

ஆர்மோனியத்தில் இடது கை பேஸையும், அதற்கு அடுத்த மேல் குரலான டெனரையும் சேர்த்துப் பிடிக்கும். ஆர்கனில் பேஸ் காலுக்குப் போய்விடுகிறது. இடது கைக்கு டெனர் மட்டும். சாரின் இடது கை இதை ஏற்கவில்லை. கால் பேஸை மிதிக்கும்போது சுண்டு விரலும் அதே ஸ்வரத்தைத் தேடி இறங்கும். பியானோ கற்றுவிட்டு ஆர்கனுக்கு வரும் எல்லோருக்கும் இது உண்டு. சாருக்கு இரட்டிப்பு, ஏனென்றால் அவர் குரலும் பேஸ். காது, குரல், கை மூன்றும் ஒரே வரியில் போய்ச் சேர்ந்தன.

இரண்டு விஷயங்கள் உதவின. முதலாவது, டெனர் பாடுவது. கால் பேஸை வாசிக்க, வாய் டெனரைப் பாட வேண்டும், கைகள் மடியில். நாற்பது வருடம் தனக்குப் பக்கத்தில் நின்று டெனர் பாடியவரின் குரல் காதில் இருக்கிறது என்றார், ஆனால் தன் வாயில் அது வரவே மறுத்தது. மெதுவாக, ஒவ்வொரு வரியாக வந்தது. வாய் டெனரைப் பிடித்த பிறகு இடது கை அதைப் பின்தொடர்ந்தது. கால் தனியாகப் பேஸில் நின்றது.

இரண்டாவது, ஸ்டாப். இடது கை வாசிக்கும் கீபோர்டில் நான்கு அடிப் புல்லாங்குழல் ஸ்டாப் மட்டும் போட்டேன். எழுதியிருப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். இடது கை எங்கே போனாலும் ஒலி மெல்லியதாக, உயரத்தில் இருக்கும். பேஸ் என்று நினைத்துக்கொள்ளவே முடியாது. தப்பு விரல் இறங்கினால் காலின் கனத்த ஒலிக்கு மேல் அது தனியாகத் தெரிந்துவிடும். இது பயிற்சிக்கான ஏற்பாடு மட்டுமே. பாட்டை முழுதாக வாசிக்கும்போது எட்டடிக்குத் திரும்பிவிடுவோம்.

இதற்கு நடுவே ஸ்டாஃப் வாசிப்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. செஸார் ஃப்ராங்க் தன் கடைசி ஆண்டான 1890-இல் ஆர்மோனியத்துக்கு எழுதிய சிறு துண்டுகள் 59 இருக்கின்றன. பெடல் இல்லை, இரண்டு ஸ்டாஃப் மட்டும், பல ஒரு பக்கத்துக்குள் முடியும். பழைய ஆர்மோனியக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்புப் புத்தகம் எனக்குத் தெரியாது. பெடல் ஸ்டாஃபின் கீழ் முதலில் சல்ஃபா எழுத்துகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். பிறகு வரிக்கு ஒன்றிரண்டு, பிறகு மெட்டு சுருதி மாறும் இடத்தில் மட்டும். இன்றும் சுருதி மாறும் இடத்தில் ஒரு சின்ன டோ எழுதிக்கொள்கிறார். அதை அழிக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

727

எதிர்பாராத ஒரு சிக்கல் இந்த முன்னிசையிலேயே இருந்தது. மெட்டு அவர் அறிந்தது, ஆனால் கீழே பாக் அமைத்த சுரக்கூட்டு பாமாலையில் உள்ளது அல்ல. பேஸ் வேறு வழியில் போகும். கால் தன் பழைய வரியை மிதித்துவிடும், கைகள் பாக்கை வாசிக்கும், இரண்டும் மோதும். அப்படி மோதிய இடங்களையெல்லாம் வட்டமிட்டு, அங்கே பாக்கின் பேஸை மட்டும் தனியாகப் பாடவைத்தேன். பாடப் பாட சாருக்கு ஒரு வியப்பு. தான் பாடிவந்த பேஸ் எந்த இடத்தில் வீடான டோவுக்குத் திரும்பிவிடுமோ, அங்கே பாக்கின் பேஸ் திரும்பாமல் இன்னும் ஒரு படி தள்ளி நிற்கிறது என்று அவராகவே கண்டுபிடித்தார். ஒரு இசைக் கல்லூரியில் பாடமாக எடுத்தால்கூட இவ்வளவு ஆழமாக உள்ளே இறங்குமா என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டாவது லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), தொடங்கி ஒன்றரை வருடம் கடந்த நிலையில், முழுதாக வாசித்தார். மெதுவாக, ஆனால் நிற்காமல். அன்று ஹெட்ஃபோனைக் கழற்றி, பாடகர் குழுவின் பழைய நண்பர்கள் சிலரைக் கூப்பிட்டு, கடன் வாங்கிய பெரிய ஒலிபெருக்கியில். முடிந்ததும் அவர்கள் அதே மெட்டை நான்கு குரலில் எழுந்து நின்று பாடினார்கள்.

சென்னைக்குப் போனபோது

சென்னையில் பைப் ஆர்கன் உள்ள ஒரு பழைய தேவாலயத்தில் அரை மணி நேரம் வாசிக்க அனுமதி கிடைத்தது. ஆய்வுக்கு இது முக்கியம், ஏனென்றால் வீட்டில் கற்றது எவ்வளவு தூரம் வெளியே செல்லுபடியாகும் என்பதற்கு இது ஒன்றுதான் சோதனை.

அந்தப் பெடல் போர்டு குழிந்து விரியும் வகை. நடுவில் பிரச்சினை இல்லை. இரண்டு ஓரங்களிலும் கட்டைகள் சாரின் முழங்கால் கணக்குக்குச் சிக்கவில்லை. தட்டைப் பலகையில் பழகிய கோணங்கள் அங்கே வேறு. கீழ் ஓரத்தில் இரண்டு இடத்தில் நின்று மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. தவிர, குழாய்கள் தள்ளி இருந்ததால் ஒலி சற்றுப் பின்தங்கி வந்து சேர்ந்தது. ஹெட்ஃபோனில் பழகியவர் ஒலியைக் கேட்டுவிட்டு அடுத்ததை வாசிக்கக் காத்திருந்தார். வேகம் இறங்கிக்கொண்டே போனது. கையின் தாளத்தை நம்பி, ஒலிக்குக் காத்திருக்காமல் வாசிக்கச் சொன்னதும் பாதி சரியானது. கைப்பகுதிகள், விடும் இடங்கள், மூச்சுகள் எல்லாம் அப்படியே வந்தன. கட்டை கீழே போகும்போது குழாய் வாயில் காற்று எழும் அந்தச் சின்னச் சத்தத்தை நேரில் கேட்டது அவருக்குப் பெரிய மகிழ்ச்சி.

வீட்டுக் கருவி செய்பவர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது: உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ பின்னால் வாசிக்கக்கூடிய ஆர்கன் எது என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பெடல் போர்டு வகையையே ஆசாரியிடம் சொல்லுங்கள். நாங்கள் செய்யச் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தோம். வீட்டில் மட்டுமே வாசிப்பது என்ற அன்றைய நோக்கத்துக்கு அது சரி. நோக்கம் வளர்ந்துவிட்டது.

இப்போது

சார் அடுத்ததாக பாக் பட்டியலில் 639-ஆம் எண்ணுள்ள முன்னிசையை எடுத்திருக்கிறார். பாக் வைமாரில் இருந்தபோது தொகுத்த சிறு ஆர்கன் நூலில் உள்ளது. ஆர்கன் கற்கத் தொடங்குபவர் கோரல் மெட்டை வளர்க்கவும் பெடலில் தேறவும் உதவுவதற்காக என்று அவரே அதன் முகப்பில் எழுதி வைத்தார்; 164 மெட்டுகளுக்கு இடம் ஒதுக்கி 46 முன்னிசைகளை எழுதினார். 639-இல் மூன்றே குரல்கள். இடது கை நிற்காமல் சிறு ஸ்வரங்களாக ஓடும், கால் சீராக அடித்துக்கொண்டே இருக்கும். காலுக்கு அது பழைய ஆர்மோனிய மிதிதான், ஒரு சிரமமும் இல்லை. இடது கைதான் பாதி வேகத்தில் நிற்கிறது. பாத சோதனையில் போன வருடத்தைவிட மோசமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. காலணியின் அடித்தோல் ஒருமுறை மாற்றியாயிற்று.

ஆசாரி இரண்டாவது பெடல் போர்டுக்கு மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார், இந்த முறை விசிறி வகை. அது குடியாத்தத்தில் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் ஒரு செவிலியருக்கு. அவர் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் கீழ்க்குரல். ஆர்மோனியத்தைத் தொட்டதே இல்லை, ஆகவே கால்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் கிடையாது. ஆனால் பேஸ் வரி அவர் நினைவில் இல்லை; சாருக்குச் செய்ததைப் போலப் பாடிக்கொண்டே மிதிக்கச் சொல்ல முடியாது. ஆல்டோ உள்குரல் என்பதால், இடது கையில் டெனரோடு அதைச் சேர்த்துப் பிடிப்பதிலிருந்து தொடங்கி, பேஸ் பகுதியை சார் பக்கத்தில் நின்று பாட, அதைக் கேட்டு அவர் மிதிக்கும்படி முதல் சில வகுப்புகளை அமைத்திருக்கிறேன். சார் சம்மதித்துவிட்டார். பெடல் போர்டு தயாரானதும் குடியாத்தத்தில் தொடங்குகிறோம்.